உம்மாவின் சிங்களம்

இந்த நாட்டில் எத்தனையோ பேருக்கு என் உம்மாவைத் தெரியும். சிங்களம் பேசத் தெரியாமல் டொக்டரிடம் போய் மாட்டிக்கொண்ட ஒரு சோனக முஸ்லிம் பெண்ணாகத் தெரியும். அந்தப் பெண் என் உம்மா இல்லை. நான் மேடையில் செய்த ஆள் அது. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று எல்லோரையும் நம்ப வைத்தவளும் நான்தான். அதனால் என் உம்மா யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வாப்பா மௌத்தானபோது எனக்கு ஒன்பது வயது. விதவை வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா முடிந்த கையோடு உம்மா கற்பிட்டிக் கடற்கரையில் ஒரு கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனார். மீனைக் கீறி, உப்பில் ஊறவைத்து, பாயில் பரப்பிக் காயப்போடுகிற வேலை. அங்கே அவரோடு வேலை செய்த ஒரு சிங்களக் கத்தோலிக்கப் பெண்தான் உம்மாவுக்குச் சிங்களம் பழக்கியவர். அவரை நான் நெந்தா என்று கூப்பிடுவேன். சிங்களத்தில் மாமி. நெந்தாவுக்குத் தமிழில் சோறு, தண்ணி, போ, வா தவிர ஒன்றும் வராது. ஆகவே இருபது வருடச் சிநேகிதம் முழுவதையும் அவர்கள் சிங்களத்திலேயே நடத்தினார்கள். பிள்ளைப்பேறு, மாமியார் சண்டை, புருஷன் குடிப்பது, புருஷன் இல்லாமல் போனது எல்லாம் சிங்களத்தில்.

உம்மாவின் சிங்களம் நான் பாடசாலையில் படித்த சிங்களம் மாதிரி இல்லை. சிலாபத்திலிருந்து கருவாடு வாங்க வருகிற முதலாளிமாரிடம் ஒரு குரல். பொலிஸிடம் ஒரு குரல். தேவாலயத் திருநாளுக்கு நெந்தாவோடு போனால் அங்குள்ள கிழவிகளிடம் இன்னொரு குரல். நான் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் சிங்களம் புத்தகம் வாசிக்கிறது போல இருக்கிறது என்று என்னைக் கேலி செய்தவர் அவர். சீனி வருத்தத்துக்காக மாதா மாதம் புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவார். அங்கே முறை வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருக்கிற தமிழ்ப் பேசுகிற பெண்கள் உம்மாவின் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள். டொக்டரிடம் அவர்களுக்காகவும் கதைத்துவிட்டுத்தான் உம்மா வீட்டுக்கு வருவார். சில நாட்களில் அந்தப் பெண்கள் கட்டித் தந்த முருங்கைக்காயோ முட்டையோ அவர் கையில் இருக்கும்.

நான் வேலை செய்வது கடற்கரையிலுள்ள ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில். காற்று அடிக்கிற மாதங்களில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். சனி ஞாயிறுகளில் கொழும்புக்காரர்கள் வருவார்கள். ஒரு வருடம் அவர்களுக்காக ஹோட்டல் முதலாளி கொழும்பிலிருந்து ஸ்டேண்டப் கொமடிக்காரர் சிலரை வரவழைத்தார். ஒரு மைக், ஒரு உயரமான கதிரை, கடலுக்கு முதுகு காட்டி நின்று கதைக்கிற ஒரு ஆள். அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு இடைப்பட்ட பின்னேரத்தில் நடந்த அந்த நிகழ்ச்சியை வேலைக்கு நடுவே நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஒன்று பேசி முறிந்து, பிறகு யாரும் பேசவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தில் என்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். மாப்பிள்ளை வீட்டாரைப் போல நடந்து காட்டுவேன். மௌலவியின் தொண்டைச் செருமலைச் செய்து காட்டுவேன். ஆனால் ரீவியிலும் போனிலும் நான் பார்த்த சிங்களக் கொமடிகளில் எங்கள் ஆட்கள் வருவதென்றால் ஒரு தொப்பி, ஒரு தாடி, ஒரு பிழையான சிங்களம். வந்து ஏமாற்றுவார், அல்லது ஏமாறுவார். பெண்கள் வருவதே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு பதில் நின்றது. அந்தப் பதிலைச் சொல்ல ஒரு இடம் வேண்டும் என்று தவித்தேன். பின்னால் நான் செய்த காரியத்தை நினைத்தால் இதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொமடிக்காரர்களைக் கூட்டி வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த, மரியாதையான ஒரு சிங்கள இளைஞர். குளிரூட்டி வேலை செய்யவில்லை என்று கத்திய ஒரு விருந்தாளிக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு அவர் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறார். அடுத்த கிழமை நீங்கள் ஐந்து நிமிஷம் செய்ய முடியுமா என்று கேட்டார். தன்னுடைய குழுவில் எல்லோரும் ஒரே மாதிரிப் பாடசாலைகளில் படித்த ஒரே மாதிரி ஆண்கள் என்றும், அது சரியில்லை என்று தனக்கும் தெரியும் என்றும், முஸ்லிம் பெண் ஒருவர் இந்த மேடையில் நின்றதே இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. அவர் மனதிலும் பொய் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு கிழமை முழுக்க எழுதினேன். ஒரு வெள்ளைக்காரி என் முக்காட்டைப் பார்த்து, உனக்குச் சூடாக இல்லையா என்று பாவப்பட்டுக் கேட்டாள். அவளுடைய தோள் வெயிலில் வெந்து, தோல் தாள் தாளாக உரிந்துகொண்டிருந்தது. கொழும்புக்காரர் ஒருவர், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். கற்பிட்டி என்றேன். இல்லை, அதற்கு முதல் என்றார். அதற்கு முதல் சமையலறையில் நின்றேன் என்றேன். இப்படி நடந்தவையும், நடந்ததைக் கொஞ்சம் கூட்டியும் எழுதினேன்.

சனிக்கிழமை மேடையில் நின்று அவற்றைச் சொன்னேன். முதலாவதுக்கு ஒரு மேசையில் மட்டும் சிரித்தார்கள். இரண்டாவதுக்கு யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட கொழும்புக்காரரைப் போன்றவர்கள்தானே முன்னால் இருந்தார்கள். அவர்கள் முகம் இறுகுவதைக் கண்டேன். மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் எழுந்து உள்ளே போனார். கடல் இரைச்சல் மைக்கில் கேட்டது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது உம்மா.

என் உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்று தொடங்கினேன். தொண்டையை ஒடுக்கி, உதட்டைக் கோணி, நான் பிள்ளைக் காலத்திலிருந்து ரீவியில் கேட்ட அந்தப் பிழையான சிங்களத்தைப் பேசினேன். உம்மாவுக்குக் கால் வலி. டொக்டரிடம் போய், ‘மகே கால ரிதெனவா’ என்கிறார். சிங்களத்தில் காலுக்குக் ககுல என்று சொல்ல வேண்டும். இவர் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டார். டொக்டர் காதில் அது, சிங்களத்தில் கல்லைக் குறிக்கிற ‘கல’ என்று விழுகிறது. சிறுநீரகக் கல்லாக்கும் என்று ஸ்கேன் எடுக்க அனுப்புகிறார். இருட்டறையில் படுக்கச் சொன்னால், உம்மா சட்டென்று காலைத் தூக்கி மெஷினுக்கு மேலே வைக்கிறார்.

சிரிப்பு ஒரு அலை மாதிரி வந்து அடித்தது. எழுந்து போனவர் திரும்பி வந்து கதவில் நின்று சிரித்தார். நான் இன்னும் ஒரு தடவை அந்தக் குரலைச் செய்தேன். இன்னும் சிரித்தார்கள். அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க என் உடம்பு லேசாக இருந்தது. நான் சந்தோஷப்படவில்லை என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை.

அந்த இளைஞர் அதை வீடியோவாகப் போட்டார். இரண்டு நாளில் ஊரெல்லாம் பரவியது. நானும் அதை என் பக்கத்தில் பகிர்ந்து, அதற்குக் கீழே, பெருநாளன்று உம்மாவோடு எடுத்த ஒரு படத்தைப் போட்டு, இவர்தான் உண்மையான நட்சத்திரம் என்று சிங்களத்தில் எழுதினேன். யாரும் கேட்டு நான் போடவில்லை. உம்மாவிடமும் கேட்கவில்லை. அவர் கையில் இருந்தது பட்டன் போன். அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு நீர்கொழும்பில் கூப்பிட்டார்கள், கொழும்பில் கூப்பிட்டார்கள். எல்லாச் சமூகத்துக்கும் இடம் தருகிற மேடை என்று அறிவித்து என் படத்தைப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனும் வருவான். நல்ல கெட்டிக்காரன். ஆனால் அவன் செய்ய வேண்டியதும் அவனுடைய ஊர்ச் சிங்களம்தான். ஒரு நாள் மேடைக்குப் பின்னால் இருக்கும்போது, அக்கா, எங்களைக் கூப்பிடுறது எங்கட பிழையைக் கேக்கத்தான் என்று சொன்னான். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். நான் புதிதாக எழுதிக்கொண்டு போனவற்றை அந்த இளைஞர் கவனமாகக் கேட்பார். நல்லது, செய்யுங்கள், ஆனால் முடிவில் கல்லைப் போடுங்கள், சனம் அதற்குத்தான் வருகிறது என்பார். நானும் முடிவில் கல்லைப் போட்டேன்.

உம்மாவுக்கு அதைக் காட்டியவர் நெந்தா. மகள் பெரிய ஆளாகிவிட்டாள், பார் பார் என்று சந்தோஷத்தில்தான் வாடியில் வைத்துப் போனை நீட்டியிருக்கிறார். அதில் என்ன சொல்கிறேன் என்று அவரும் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் மீன் செதில் ஒட்டிய கையோடு சேர்ந்திருந்து பார்த்திருக்கிறார்கள்.

அன்று நான் வேலை முடிந்து வந்தபோது உம்மா அஸர் தொழுதுவிட்டு முக்காட்டைக் கழற்றாமல் இருந்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“எனக்கு ககுல எண்டு சொல்லத் தெரியாதா மகள்?”

நான் சிரித்துச் சமாளித்தேன். “அது பகிடி உம்மா. மேடையில கொஞ்சம் கூட்டித்தான் சொல்றது.”

“கூட்டிச் சொன்னாப் பரவாயில்ல. நீ என்னைக் குறைச்சித்தானே சொல்லியிரிக்கிறாய்.”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சனத்துக்கு அது உம்மா என்று தெரியாது, ஏதோ ஒரு ஆள் என்றுதான் நினைப்பார்கள் என்று எதையோ சொல்லியிருப்பேன். படத்தை நான் போட்டதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. அவர் கோப்பையை எடுத்துக் கழுவப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. மனம் ஆறிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு நானும் லீவு போட்டு அவரோடு போனேன். வாங்கில் இருந்த ஒரு சிங்களப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்து, அந்தக் கல் அம்மா நீங்கள்தானே என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருவர் போனில் என் வீடியோவை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அதற்குக் கீழே உம்மாவின் படம். அம்மே, ஒரு தடவை சொல்லுங்கள், உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக் கேட்டார். அவர் நல்ல மனுசி. கேலி செய்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. உம்மாவும் சிரித்தார். சிரித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை, அது நான் கட்டிய கதை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாங்கில் என்னையும் சிலர் மதிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று டொக்டர் கேட்ட கேள்விகளுக்கு உம்மா ஓம், இல்லை என்று மட்டும் சொன்னார். இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறதே, சாப்பாட்டில் என்ன மாற்றம் என்று டொக்டர் கேட்டார். உம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, நீ சொல்லு என்றார். அதுவரை அவர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நடந்ததை நான் கண்டும் காணாமல் இருந்தேன். வாடிக்கு வருகிற சிலாபத்து முதலாளிமார் வாகனத்தில் இருந்து இறங்கும்போதே அந்த வசனத்தைச் சொல்லித்தான் உம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நெந்தா ஒரு நாள் சொன்னார். உம்மா விலை பேசுவதை நெந்தாவிடம் விட்டுவிட்டு, பின்னால் போய்ப் பாய் உதறிக்கொண்டு நிற்கிறாராம். உன் அம்மா அப்படிக் கதைக்கிறவள் இல்லையே, மகள், நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று நெந்தா என்னிடம் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. விளங்காமல்தான் கேட்டார். எனக்கு மேடை வேலை பற்றி விளக்கமாகச் சொல்லத் தெரியும் என்று காட்டுவதற்காக ஏதேதோ சொன்னேன்.

கிளினிக் நாட்களில் உம்மா காலையிலேயே மருந்துக் கொப்பியை எடுத்துக்கொண்டு புறப்படுவார். நீ வரவேணாம், வேலையைப் பாரு என்பார். பின்னேரம் வருவார். மருந்து கிடைத்ததா என்றால் ஓம் என்பார். மூன்று மாதம் இப்படிப் போனது. உண்மையில் அவர் பாலாவிச் சந்தியில் இறங்கி, ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல், மற்றப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக் கனமூலைக்குப் போயிருக்கிறார். அங்கே என் சாச்சி, உம்மாவின் தங்கச்சி இருக்கிறார். கிளினிக் வெள்ளென முடிந்துவிட்டது என்று சாச்சியிடம் சொல்லியிருக்கிறார். பகல் சோறு தின்று, லுஹர் தொழுது, கொஞ்சம் சாய்ந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் வாடியில் அவருடைய உள்ளங்காலில் மீன்முள் ஏறியிருக்கிறது. சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைவு. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது புண்ணாகியிருந்தது. பழைய சாரன் துணியைக் கிழித்துச் சுற்றி, அதற்கு மேல் சொக்ஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வீட்டில் சொக்ஸ் எதற்கு என்று நான் கேட்டேன். குளிருது என்றார். கற்பிட்டியில் அப்போது அடித்தது எரிக்கிற வெயில். நான் போனைப் பார்த்தபடி சரி என்றேன். புண் மணத்தது. எங்கள் வீட்டில் எப்போதும் கருவாட்டு மணம் உண்டு. உம்மாவின் உடுப்பில், தலைமுடியில், பாயில். அந்த மணத்துக்குள் மற்ற மணத்தை நான் பிரித்து அறியவில்லை. ஒரே அறையில் படுத்து எழும்புகிறவள் நான்.

அடுத்த கிளினிக் நாளன்று கொழும்பில் பெரிய நிகழ்ச்சி. எல்லா இனத்தவரும் ஒரே மேடையில் என்று பெரிய படம் அச்சடித்திருந்தார்கள். ஹோட்டல் வான் வண்டியில் நான் புறப்பட்டபோது உம்மா கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லி முன்னமே வெளிக்கிட்டிருந்தார். வான் சிலாபம் தாண்டுவதற்குள் சாச்சி போன் எடுத்தார்.

“உன்ட உம்மா இஞ்ச வந்து விழுந்து கெடக்கிறா. மேலெல்லாம் நெருப்பாக் காயுது. காலைப் பாத்தியா நீ? மகள், உன்ட உம்மாட காலை நீ பாத்தியா?”

வானை நிறுத்தச் சொல்லி சிலாபம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அந்த இளைஞருக்குப் போன் எடுத்தேன். அவர் அதிர்ச்சியடைந்தார், கவலைப்பட்டார். பிறகு, பத்து நிமிஷம் மட்டும் செய்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டு, தான் காரில் அனுப்பி வைப்பதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்துத் தம்பியும் இந்த முறை வரவில்லை, நீங்களும் இல்லாவிட்டால் மேடையில் வழக்கமான நாங்கள் நான்கு பேரும்தான், வந்தவர்களுக்கு என்ன சொல்வது என்றார். நான் போனை வைத்தேன். புத்தளம் பஸ்ஸில் நின்றபடி போனேன். பஸ்ஸில் முன்னால் இருந்த ஒரு பாடசாலைப் பிள்ளை என்னை அடையாளம் கண்டு தோழிக்கு முழங்கையால் இடித்துக் காட்டினாள். நான் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டேன்.

நான் போகும்போது சாச்சியும் சாச்சாவும் உம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். உள்ளங்கால் கறுத்து, கறுப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. இளம் பெண் டொக்டர் ஒருவர் உம்மாவின் தலைமாட்டில் குனிந்து, எப்போதிருந்து நோகிறது என்று சிங்களத்தில் அன்பாகக் கேட்டார். உம்மா அவரைப் பார்த்தார். கேள்வி விளங்கியது என்பது கண்ணில் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. டொக்டர் இன்னும் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போலக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாதா என்றார்.

தெரியும் என்றேன். என்னைவிட நன்றாகத் தெரியும் என்றேன். டொக்டர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். கடைசியில் நான்தான் உம்மாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து தமிழில் கேட்டேன். இரண்டு மாசம் என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதில் ககுல என்ற சொல்லும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் எழுதிக்கொண்டு போனார்.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். கையொப்பம் வைக்கச் சொன்னார்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை, வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று டொக்டர் வருத்தத்தோடு சொன்னார். அதை உம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். நான் கையொப்பம் வைத்தேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வார்ட்டில் இருந்த நாட்களில் நான் அந்த வீடியோவை அழித்தேன். அந்த இளைஞரும் நான் சொன்ன உடனே தன்னுடையதை எடுத்துவிட்டார். ஆனால் அது எங்கள் இரண்டு பேரிடம் மட்டுமா இருந்தது? யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். என் குரலுக்கு வாயசைத்து நடித்திருந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள், ஒரு பொலிஸ்காரர், மணப்பெண் உடுப்பில் ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். இது பொய், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. ஓரிருவர் எடுத்தார்கள். சிலர் அந்தக் கோரிக்கையையே இன்னொரு பகிடியாக எடுத்துச் சிரித்தார்கள். கட்டிலின் காலடியில் இருந்து நான் போனில் எழுதிக்கொண்டே இருப்பேன். உம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் மருந்து மாற்றிவிட்டுப் போன பிறகு அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவர் என் தலையைத் தடவினார்.

“நீ சனத்தைச் சிரிக்க வெச்சது எனக்குக் கவலையில்ல மகள். நீ கெட்டிக்காரி. உன்ட உம்மா எண்டா இப்பிடித்தான் இரிக்கும் எண்டு சனம் நெனச்சிச்சி, நீயும் அதுக்கு ஓம் எண்டு சொல்லிட்டாய். அதுதான்.”

“நீங்க சிங்களத்தில திருப்பிக் கதைங்க உம்மா. எல்லாருக்கும் தெரியட்டும்.”

“வாயைத் தொறந்தா எனக்கு உன்ட குரல்தான் கேக்குது” என்றார். “நான் சரியாச் சொல்றனா, நீ சொன்ன மாதிரிச் சொல்றனா எண்டு எனக்கே தெரியல்ல.”

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நெந்தா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு பொதியில் பாணும் பழமும் இருக்கும். உம்மாவின் கட்டிலில் இருந்து, வாடியில் நடந்தது, மீன் வந்தது, வராதது எல்லாம் சொல்வார். உம்மா கேட்டுக்கொண்டிருப்பார். தலையாட்டுவார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். ஒரு சொல் திருப்பிச் சொல்ல மாட்டார். நெந்தா தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லையும் வைத்து முயன்று பார்த்தார். சோறு, தண்ணி என்று கேட்டார். உம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு நெந்தா வாசலில் செருப்புப் போடும்போது, அந்தப் போனை நான்தானே காட்டினேன் என்று சொல்லி அழுதார். இல்லை, நெந்தா என்று நான் சொன்னேன். பிறகு அவர் வருவது இரண்டு கிழமைக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகியது. அவரிலும் பிழை சொல்ல முடியாது. பதில் வராத இடத்தில் ஒரு மனுசி எவ்வளவு நேரம்தான் தனியே கதைக்க முடியும்?

அந்த இளைஞரும் ஒரு தடவை கொழும்பிலிருந்து வந்தார். உம்மாவின் கால் முடிகிற இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. உண்மையாகவே கண் கலங்கினார். போகும்போது வெளியே வேலியடியில் நின்று, நீங்கள் இதைத்தான் மேடையில் சொல்ல வேண்டும் என்றார். சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் இதைச் சொன்னால் மண்டபமே உறைந்துவிடும், எங்களைப் போன்றவர்களுக்கு உறைக்கும் என்றார். அவர் நல்லதையே நினைத்துச் சொன்னார். ஆனால் நான் மேடையில் நின்று சொல்வதற்கு என் உம்மாவில் இன்னொரு துண்டு வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கியது. வரமாட்டேன் என்றேன். திரும்பி உள்ளே வந்தபோது உம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

நான் இப்போதும் அதே ஹோட்டலில் வேலை செய்கிறேன். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. போனால் செய்து காட்டச் சொல்லிக் கேட்பார்கள். பகலில் உம்மாவைச் சாச்சி வந்து பார்த்துக்கொள்கிறார். கிளினிக்குக்கு மூன்று சக்கர வண்டி பிடித்து நான்தான் கூட்டிப் போகிறேன். எல்லாம் நான்தான் சொல்கிறேன்.

போன மாதம் அந்தக் குழுவின் புதிய வீடியோ ஒன்று என் போனில் தானாக வந்தது. தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். இந்த மேடையில் நிற்கிற முதலாவது மலையகப் பெண் என்று அறிமுகம் செய்தார்கள். முதல் இரண்டு நிமிஷமும் அவள் தன்னைப் பற்றிச் சொன்னாள். நன்றாக எழுதியிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய கண்கள் ஓடுவதைக் கண்டேன். பிறகு அவள் தொண்டையை ஒடுக்கி, என் அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்று தொடங்கினாள்.

முழுவதையும் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ஒரு செய்தி எழுதினேன். நீளமாக எழுதி அழித்தேன். திரும்ப எழுதி அழித்தேன். கடைசியில், தங்கச்சி, இதை உங்கட அம்மா பார்த்திட்டாவா என்று மட்டும் அனுப்பினேன்.

சிரிக்கிற முகம் இரண்டு வந்தது. தாங்ஸ் அக்கா, உங்களைப் பார்த்துத்தான் எனக்கு இதைச் செய்யத் தைரியம் வந்தது என்று எழுதியிருந்தாள்.

இல்லை, தங்கச்சி, அம்மா பார்த்திட்டாவா என்று திரும்பக் கேட்டேன். அதை அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.